மணி கட்டாத யானையும் இருளில் காணும் கண்ணும்

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது யாவரும் அறிந்த பழமொழி. கோயில் யானைக்கு மணி உண்டு. காட்டு யானைக்கு மணி கட்டியவர் எவருமில்லை. அது வந்து நின்ற பின்புதான் வந்ததென்று தெரிகிறது.

மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களிலும் நெற்கதிர் முற்றும் காலத்தில் இரவு எவ்வாறு கழிகிறது என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுவதும் வேலை செய்தவர் இரவில் காவற் பரணில் ஏறுகிறார். கையில் ஒரு ரோச் லைற், பக்கத்தில் யானை வெடி. அவர் கண்ணயரும் அரை மணி நேரத்தில் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடலாம். சில வேளைகளில் உயிரும் போய்விடுகிறது. 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இலங்கையில் யானை தாக்கி நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் இறந்தனர். அதே ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் இறந்தன. அவற்றிற் பல துப்பாக்கியாலும் வெடியாலும் மின்சாரத்தாலும் மாண்டவை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி கபரணைக்கு அருகே புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தன.

இப்போது ஒரு புதிய காவற்காரனைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அது கணினியுடன் இணைந்த கமரா. 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்து மதுக்கரையில், காட்டினூடே செல்லும் இரு புகையிரதப் பாதைகளின் ஓரமாகப் பன்னிரண்டு கோபுரங்கள் நிறுவப்பட்டன. அவற்றில் உள்ள வெப்பக் கமராக்களும் சாதாரண கமராக்களும் யானையைக் கண்டால், கணினி அதனை இனங்கண்டு புகையிரத அதிகாரிகளுக்கும் வனத்துறையினருக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. அத்தகைய ஒன்று நம் கிராமத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இதனை விற்க வருவோர் பெரும்பாலும் கணினியின் மூளையையே புகழ்வார்கள். நாம் இக்கட்டுரையில் காட்ட விரும்புவது வேறொன்று. மூளையிலும் முந்தியது கண். அக்கண் எந்தப் பதார்த்தத்தால் ஆனது என்பதே அது இருளில் எதைக் காணும், மழையில் எதைத் தவறவிடும், ஓர் இரவுக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பவற்றைத் தீர்மானிக்கிறது. இதனைப் புரிந்துகொண்ட கிராமத்தை எளிதில் ஏமாற்ற முடியாது.

கணினி காண்பது எப்படி?

கமராவினுள் சிறு சிறு சதுரங்கள் நிரைநிரையாக அமைந்துள்ளன. பாய் பின்னலில் கட்டங்கள் இருப்பது போன்றதே இது. ஒவ்வொரு சதுரமும் தன்மேல் விழும் ஒளியின் அளவை ஓர் எண்ணாகச் சொல்கிறது. கணினிக்குக் கிடைப்பது படமன்று, எண்களின் அட்டவணை மட்டுமே. யானை உள்ள படங்கள் ஆயிரக்கணக்கிலும் யானை இல்லாத படங்கள் ஆயிரக்கணக்கிலும் காட்டிப் பழக்கினால், எந்த எண் ஒழுங்கு யானையைக் குறிக்கிறது என்பதைக் கணினி தன் கணக்கிற் பதித்துக்கொள்கிறது. பழக்கப்பட்ட பின் புதிய படம் ஒன்றைக் கண்டதும், "இது யானையாக இருக்கக்கூடும்" என்று ஒரு மதிப்பீடு தருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யானை நிற்கும் சதுரங்களிலும் அதன் பின்னேயுள்ள பற்றையின் சதுரங்களிலும் ஒரே எண் இருந்தால், உலகிலேயே கெட்டிக்காரக் கணினியாலும் யானையைப் பிரித்துக் காண முடியாது. கண்ணுக்குள் வராதது மூளைக்குள் வராது.

சிலிக்கன் கண்ணும் அதன் எல்லையும்

நம் கைத்தொலைபேசியில் உள்ள கமராவின் கண் சிலிக்கனால் ஆனது. மணலில் ஒட்சிசனுடன் சேர்ந்திருக்கும் மூலகமே சிலிக்கன். தூய சிலிக்கனில் இலத்திரன்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. ஒளி வந்து மோதும்போது இலத்திரன் ஒரு படி மேலே ஏறி விடுபடுகிறது. அவ்வாறு விடுபட்ட இலத்திரன்களை எண்ணுவதே கமராவின் வேலை. அந்தப் படியின் உயரம் பதார்த்தத்துக்குப் பதார்த்தம் மாறுபடும். சிலிக்கனில் அது 1.12 இலத்திரன் வோல்ற்று. அதற்குக் குறைந்த சக்தியுடன் வரும் ஒளியினால் படியேற்ற முடியாது. அது சிலிக்கனைக் கண்ணாடி போல் ஊடுருவிப் போய்விடும்.

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளமுள்ள ஒளியைக் காண்கிறது. சிலிக்கன் கண் ஏறத்தாழ 1,100 நனோமீற்றர் வரை, அதாவது சிவப்புக்கு அப்பால் உள்ள செங்கீழ்க் கதிரின் முதற் பகுதியையும் காண்கிறது. இதனை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். தொலைக்காட்சியின் தூர இயக்கியை எடுத்து அதன் முன்முனையைக் கைத்தொலைபேசிக் கமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் ஊதா கலந்த வெள்ளைப் பொட்டு மின்னும். பின்பக்கக் கமராவில் தெரியாவிடின் முன்பக்கக் கமராவில் முயன்று பாருங்கள். சில கமராக்களில் இக்கதிரைத் தடுக்கும் வடி பூசப்பட்டிருக்கும்.

கடைகளில் "இரவுக் கமரா" என விற்கப்படுபவற்றிற் பெரும்பாலானவை இந்த இயல்பையே பயன்படுத்துகின்றன. அவை நமக்குத் தெரியாத செங்கீழ் ஒளியைத் தாமே வீசி, அது பட்டுத் திரும்புவதைப் பார்க்கின்றன. அதாவது ரோச் லைற்றைக் கையில் வைத்திருக்கும் கண் அது. வெளிச்சம் எட்டும் தூரமே பார்வை எட்டும் தூரம். மழையிலும் மூடுபனியிலும் அந்த வெளிச்சம் துளிகளிற் பட்டுத் திரும்பி வந்து கமராவின் கண்ணையே கூசச் செய்யும். இரவு முழுவதும் விளக்கு எரிவதால் பற்றரியும் விரைவில் இறங்கும்.

விளக்கில்லாமல் காணும் கண்

எல்லாப் பொருள்களும், யானையும் மனிதரும் மரமும் மண்ணும், எப்போதும் தாமாகவே கதிர் வீசிக்கொண்டிருக்கின்றன. 30 பாகை செல்சியசில் உள்ள ஒரு மேற்பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு 470 வாற்றுக்கும் அதிகமான சக்தியை வெளிவிடுகிறது. அது நமக்குத் தெரியாததற்குக் காரணம் அதன் அலைநீளம். அக்கதிரின் உச்சம் ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றரில், அதாவது 10,000 நனோமீற்றரில் உள்ளது. சிலிக்கனின் எல்லையைப் போல் அது ஒன்பது மடங்கு. வளிமண்டலம் 8 முதல் 14 மைக்கிரோமீற்றர் வரையுள்ள கதிரைப் பெருமளவு தடையின்றி விடுவது நமக்குக் கிடைத்த ஒரு நல்வாய்ப்பு.

இக்கதிரைக் காண முதலில் வேறொரு பதார்த்தத்தைத் தேடினர். இரசமும் கட்மியமும் தெலூரியமும் கலந்த ஒரு பளிங்கு 1959இல் இங்கிலாந்தின் மல்வேர்ன் நகரிலிருந்த ராடர் ஆய்வுநிலையத்தில் உருவாக்கப்பட்டது. அதன் படி மிகத் தாழ்ந்தது. வெப்பக் கதிரினாலும் இலத்திரனை ஏற்ற முடியும். ஆனால் அதே காரணத்தால் பளிங்கின் சொந்த வெப்பமே இலத்திரன்களை ஏற்றிவிடும். எனவே அதனைத் திரவ நைதரசனின் குளிர்ச்சிக்கு, அதாவது மறை 196 பாகை வரைக்குங்கூடக் குளிர்விக்க வேண்டியிருந்தது. இராணுவத்துக்கு அது கட்டுப்படியாகும், வயற்காவலுக்கு ஆகாது.

மாற்றம் வேறொரு வழியால் வந்தது. இலத்திரனைப் படியேற்றுவதை விட்டு, கதிர் பட்டதும் ஒரு பொருள் சூடாவதை அளந்தால் என்ன? 1980களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்தில் இவ்வழி வெற்றி பெற்றது. வனேடியம் ஒட்சைட்டு என்னும் பதார்த்தத்தின் மின் தடை, வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு குறையும். அதனை மிக மெல்லிய தகடாக்கி, இரு சிறு கால்களில் நிற்கும் பரண் போலச் சிலிக்கனின் மேல் உயர்த்தி வைத்தனர். பரணுக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மைக்கிரோமீற்றர். சூடு கால் வழியே ஒழுகிவிடாதபடி கால்கள் மிக மெல்லியவை. காற்று சூட்டைக் கடத்தாதபடி முழுவதும் வெற்றிடத்தில் மூடப்பட்டது. அமெரிக்க அரசு இத்தொழில்நுட்பத்தின் மீதிருந்த இரகசியக் கட்டுப்பாட்டை 1992இல் நீக்கியது. அன்று ஒரு பரணின் பக்கம் ஏறத்தாழ 50 மைக்கிரோமீற்றராக இருந்தது. இன்று 12 மைக்கிரோமீற்றர் அளவிலும் செய்கிறார்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஐந்தாறு பரண்களை அடுக்கலாம்.

இத்தகைய கண் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டும். குளிரூட்டல் வேண்டாம், விளக்கும் வேண்டாம். 160 நிரல்களும் 120 நிரைகளும் கொண்ட சிறு வெப்பக் கமரா ஒன்று ஏறத்தாழ 150 மில்லிவாற்று மின்னோடு இயங்குகிறது. ரோச் லைற்றின் சிறு குமிழுக்கும் இதனைவிடக் கூடிய மின் தேவை.

ஆயினும் கண்ணுக்கு முன் ஒரு வில்லை வேண்டும். சாதாரண கண்ணாடி 10 மைக்கிரோமீற்றர் கதிரை விடாது. வெப்பக் கமராவுக்கு யன்னற் கண்ணாடி ஒரு சுவரே. அதனால் ஜேர்மேனியம் என்னும் மூலகத்தில் வில்லை செய்கிறார்கள். பார்வைக்குக் கரிய உலோகம் போலிருக்கும் இது வெப்பக் கதிரைத் தன்னூடே போக விடும். ஆனால் விலை அதிகம். 2023 ஓகஸ்ட் முதல் சீனா இதன் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று விதித்தபின் விலை மேலும் ஏறியது. ஆகவே கந்தகம், செலேனியம், தெலூரியம் முதலியவற்றைச் சேர்த்து வார்க்கும் ஒருவகைக் கண்ணாடியையும் இப்போது பயன்படுத்துகிறார்கள். மலிவான வழி பொலித்தீன். ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் விளக்குகளில் பால் நிறமான ஒரு குமிழ் மூடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பொலித்தீன் வகையால் ஆன வில்லையே.

எந்தக் கண்ணுக்கும் ஒரு குருட்டு நேரம் உண்டு

விற்பவர் "எல்லாக் காலநிலையிலும் வேலை செய்யும்" என்பார். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

முதலாவது, மாலை நேரம். வெப்பக் கண் காண்பது வெப்பத்தையன்று, வெப்ப வேறுபாட்டை. யானையின் தோல் 30 பாகையாகவும் பின்னேயுள்ள நிலம் 25 பாகையாகவும் இருந்தால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 30 வாற்று வேறுபாடு உண்டு. யானை விளக்கு வைத்தாற்போல் தெரியும். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த நிலம் மாலையில் யானையின் தோலளவு சூட்டுக்கு வரும் ஒரு நேரம் உண்டு. அப்போது யானை மறைந்துவிடும். காலையிலும் இவ்வாறு ஒரு நேரம் வரும். யானை காட்டைவிட்டு வெளிக்கிடுவதும் பெரும்பாலும் அந்தி சாயும் வேளையில் என்பதை நம் விவசாயிகள் அறிவர்.

இரண்டாவது, மழை. பெருமழையில் துளிகள் கதிரை உறிஞ்சும்; நனைந்த மரமும் மண்ணும் விலங்கும் ஒரே சூட்டுக்கு நெருங்கும். வில்லையின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலமே இக்கதிரைத் தடுத்துவிடப் போதும். எனவே கமராவுக்கு மேலே நீண்ட கூரை வேண்டும். புகையையும் மெல்லிய புகாரையும் வெப்பக் கதிர் நன்கு கடக்கும். அடர்ந்த மூடுபனியை அவ்வாறு கடப்பதில்லை.

மூன்றாவது, தூரம். மேற்கூறிய 160 நிரல் கமரா 57 பாகை அகலம் பார்க்கும் வில்லையுடன் இருந்தால், 50 மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 34 சதமமீற்றரை மூடும். இரண்டரை மீற்றர் உயரமான யானை அங்கே ஏழெட்டுப் புள்ளி உயரமே இருக்கும். 100 மீற்றரில் மூன்று நான்கு புள்ளிதான். அப்போது யானையையும் எருமையையும் கணினியால் நம்பிக்கையுடன் பிரிக்க முடியாது. தூரம் பார்க்க வேண்டுமெனில் குறுகிய பார்வையுள்ள வில்லையோ, கூடுதல் புள்ளிகளோ வேண்டும். இரண்டும் செலவைக் கூட்டும்.

இக்குறைகளை நிரப்ப வேறு பதார்த்தங்கள் உண்டு. இந்தியம், கலியம், ஆசனிக்கு ஆகியன சேர்ந்த பளிங்கு 900 முதல் 1,700 நனோமீற்றர் வரை காண்கிறது. நிலவில்லாத இரவிலும் வானத்து வாயுக்கள் வீசும் மங்கிய ஒளி இவ்வெல்லையில் இருப்பதால் அது விளக்கின்றியே காணும். ஆனால் அதன் விலை மிக அதிகம். அதே வேலையை மலிவாகச் செய்ய, ஈய சல்பைட்டின் மிக நுண்ணிய மணிகளை மை போலச் சிலிக்கனின் மேற் பூசுகிறார்கள். மணியின் பருமனை மாற்றினால் அது காணும் அலைநீளமும் மாறும். இத்தகைய நுண்மணிகளைக் கண்டறிந்து ஆக்கியமைக்காகவே பவெண்டி, புறூஸ், எகிமோவ் ஆகியோருக்கு 2023இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது. இவற்றில் ஈயம் உண்டு என்பதை மறக்கலாகாது. பழுதான கருவியை வயலோரத்தில் எறிந்துவிடக் கூடாது.

மழையையும் மூடுபனியையும் உண்மையாகவே கடப்பது ராடர் அலை. சிலிக்கனோடு ஜேர்மேனியம் கலந்த பதார்த்தத்தால் மோட்டார் வாகனங்களுக்கான சிறு ராடர்களைக் குறைந்த விலையில் செய்ய முடிந்தது. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். மூடுபனித் துளியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. ஆகவே துளிகள் அதற்குப் பெரிய தடையாவதில்லை. ஆனால் அது உருவத்தைத் தெளிவாகக் காட்டாது. "பெரிதாக ஏதோ அசைகிறது, இவ்வளவு தூரத்தில்" என்று மட்டும் சொல்லும். ஆகவே எல்லாக் காலநிலைக்கும் ஒரு கண் என்பது இல்லை. ஒன்றின் குருட்டு நேரத்தில் மற்றது விழித்திருக்கும் இரு கண்களே உண்டு.

மின்சாரக் கணக்கு

காட்டோரத்தில் மின்கம்பி இல்லை. சூரிய மின் தகடும் பற்றரியுமே துணை. கணக்கைக் கடதாசியில் எழுதிப் பாருங்கள்.

12 வோல்ற்று, 7 அம்பியர் மணி ஈயப் பற்றரி ஒன்றில் 84 வாற்று மணி சக்தி உண்டு. பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே பயன்படுத்தக்கூடியது 42 வாற்று மணி. கமராவும் கணினியும் சேர்ந்து 5 வாற்று குடித்தால், 12 மணி நேர இரவுக்கு 60 வாற்று மணி வேண்டும். முதல் இரவே விடியுமுன் கண் மூடிவிடும்.

இப்போது வேறு முறையில் அமைப்போம். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே வீட்டுக்காரர் தூங்கட்டும். அந்தக் காவலாளி, தானே எரியும் விளக்கில் உள்ள அதே உணரி. லிதியம் தந்தலேற்று போன்ற பளிங்கு, சூடு மாறும்போது மின்னேற்றம் காட்டும் இயல்புடையது. அது ஒரு மில்லிவாற்றிலும் குறைந்த மின்னோடு விழித்திருக்கும். ஏதாவது அசைந்தால் மட்டும் கமராவையும் கணினியையும் எழுப்பும். ஓர் இரவில் 200 தடவை, தடவைக்கு 10 விநாடி எழுந்தாலும் மொத்தம் 2,000 விநாடி. அதற்குச் செலவு 2.8 வாற்று மணி. தூங்கும் கணினி பத்தில் ஒரு வாற்று குடிப்பதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு மேலும் 2.4. மொத்தம் 5.2 வாற்று மணி. அதே பற்றரி சூரியனே இல்லாத எட்டு நாள்களைத் தாங்கும். மாரிகாலத்தில் இதன் பெறுமதி நமக்குத் தெரியும். ஆனால் இக்காவலாளி பொதுவாகப் பத்து மீற்றர் அளவே பார்ப்பதால், யானைப் பாதையை அறிந்து அதன் ஓரத்திலேயே வைக்க வேண்டும். அப்பாதையை அறிந்தவர் கிராமத்து முதியவரே. எந்தக் கருவியும் அன்று.

மூளையின் செலவையும் குறைக்கலாம். 2014இல் மார்க் ஹொரோவிற்ஸ் என்னும் பேராசிரியர் காட்டியபடி, இரு எண்களைக் கூட்டுவதற்குச் செலவாகும் சக்தியிலும் அவ்வெண்களை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவரும் சக்தி ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். நெல்லைக் குற்றும் கூலியிலும் ஆலைக்குக் கொண்டுபோகும் வண்டிக் கூலி கூடினாற்போல் இது. ஆலையை வயலிலேயே அமைத்தால் வண்டி வேண்டாம். இதற்காக, எண்ணைச் சேமிக்கும் இடத்திலேயே பெருக்கலும் கூட்டலும் நடக்கும் பதார்த்தங்களை ஆய்வாளர் தேடினர். ஜேர்மேனியம், அந்திமனி, தெலூரியம் கலந்த ஒரு பதார்த்தம், சூடாக்கும் முறைக்கேற்பக் கூடிய தடையோ குறைந்த தடையோ கொண்ட நிலையில் உறைந்து நிற்கும். மீள எழுதக்கூடிய இறுவட்டுகளில் பயன்பட்டதும் இவ்வகைப் பதார்த்தமே. அத்தடையே எண். மின்னழுத்தத்தைக் கொடுத்தால், பாடசாலையில் படித்த ஓமின் விதிப்படி மின்னோட்டமே பெருக்கல் விடையாகிறது; கம்பிகள் சேருமிடத்தில் விடைகள் தாமே கூடுகின்றன. 2023இல் ஐ.பி.எம். ஆய்வாளர் இவ்வாறான 64 பகுதிகள் கொண்ட ஒரு சிப்பை வெளிப்படுத்தினர்.

கண்ணே கொஞ்சம் சிந்தித்தால் இன்னும் நல்லது. மனிதக் கண்ணில் ஒளியுணரும் கலங்கள் பன்னிரண்டு கோடிக்கு மேல். மூளைக்குச் செல்லும் நரம்பு நார்கள் பத்து இலட்சம் அளவே. மாறாததை விட்டு மாறுவதைச் சொல்வது கண்ணின் வழக்கம். இதனைப் பின்பற்றி மிஷா மஹோவால்ட், கார்வர் மீட் ஆகியோர் சிலிக்கன் விழித்திரையை ஆக்கினர். 1991இல் அதனைப் பொதுவாசகருக்கும் விளக்கினர். 2008இல் சுவிற்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர் வெளியிட்ட இத்தகைய கமரா 23 மில்லிவாற்றோடு இயங்கியது. பத்து இலட்சம் மடங்கு ஒளி வேறுபாட்டையும் தாங்கியது. ஒன்றும் அசையாத இரவில் அது பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். ஆனால் காற்றில் ஆடும் இலையும் விழும் மழைத்துளியும் அதற்கு அசைவே என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கிராமம் கேட்க வேண்டியவை

இத்தகைய கருவி ஒன்றை எவராவது நம் கிராமத்துக்குக் கொண்டுவந்தால், அது அன்பளிப்பாக இருப்பினும், பின்வருவனவற்றைக் கேட்போம்.

1. இதன் கண் எந்த வகை? விளக்கு வீசும் சிலிக்கனா, வெப்பக் கண்ணா, ராடரும் சேர்ந்ததா? அந்தி வேளையிலும் அடைமழையிலும் நம் கண்முன்னே சோதித்துக் காட்ட முடியுமா?

2. எத்தனை மீற்றரில் யானையையும் எருமையையும் பிரித்தறியும்? எந்த நாட்டு விலங்குகளின் படங்களால் பழக்கப்பட்டது? நம் ஊர் மாடு, எருமை, மனிதர் படங்களையும் சேர்த்துப் பழக்க வழியுண்டா?

3. சூரியன் இல்லாத எத்தனை நாள் பற்றரி தாங்கும்? பழுதானால் திருத்துபவர் யார்? ஈயமுள்ள பாகங்களைத் திருப்பி எடுப்பவர் யார்?

4. ஓர் இரவில் எத்தனை பொய் எச்சரிக்கை வரலாம்? பத்துத் தடவை வீணாக எழுப்பப்பட்டவர் பதினோராவது தடவை எழும்பமாட்டார்.

5. மணி அடித்தபின் என்ன? யார் யாருக்குச் செய்தி போகும்? வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலர் எவ்வளவு நேரத்தில் வருவர்? யானையைக் கலைப்பதில் பழகியவர் யார்?

கடைசிக் கேள்வியே முதன்மையானது. மதுக்கரையில் எச்சரிக்கையைக் கேட்டு புகையிரதத்தின் வேகத்தைக் குறைக்க ஒருவர் இருக்கிறார். அவ்வாறு கேட்க ஆளில்லாத இடத்தில் மிகச் சிறந்த கண்ணும் வெறும் சாட்சியாகவே நிற்கும். யானை ஏன் வருகிறது, அதன் பழைய வழியில் நாம் எதைக் கட்டினோம், வேலியை யார் பராமரிப்பது என்ற கேள்விகளுக்கும் கமராவிடம் விடை இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றே: பரணில் இருப்பவருக்குச் சில நிமிட முன்னறிவிப்பைத் தருவது. இருளில் யானையின் முன் திடீரென அகப்படாமல் வீட்டுக்குத் திரும்பவும், பிள்ளைகளை எழுப்பி உள்ளே வைத்துக்கொள்ளவும், அயலவரைக் கூப்பிடவும் அந்தச் சில நிமிடம் போதும். காட்டு யானைக்கு மணி கட்ட முடியாது. அது வரும் வழியில் மணியை நாம் கட்டலாம். எந்தப் பதார்த்தத்தாலான மணி என்பதை அறிந்து கட்டுவோம்.

குழுவாகக் கலந்துரையாட

அ. நம் கிராமத்துக்கு யானை வரும் வழிகள் எவை? முதியவர்களிடம் கேட்டு ஒரு வரைபடம் கீறுங்கள்.

ஆ. சென்ற போகத்தில் யானை வந்த நேரங்களை நினைவுகூர்ந்து எழுதுங்கள். அவற்றிற் எத்தனை அந்தி வேளையில், எத்தனை மழை இரவில்? வெப்பக் கண் எவற்றைத் தவறவிட்டிருக்கும்?

இ. எச்சரிக்கை கிடைத்தால் முதல் ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்வது? இதற்குக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் போகத்திலேயே ஒழுங்கு செய்யுங்கள்.